பாண்காரிக்குப் பாடியவள்

என் ஆயுளில் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மண்டபம் நிறைந்த வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் நின்றது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பேசுவதற்காக அல்ல. பேசப்போகிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக.

லண்டனில், ஆர்ச்வே மேட்டின் அடிவாரத்தில் இருந்த ஒரு பழைய சினிமாக் கொட்டகை. எண்பதுகளின் பின்பாதி. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். கம்பளத்தில் ஊறிப்போன பியர் வாசனையும் நனைந்த கோட்டுகளின் வாசனையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தன. மேடையில் ஒரு சிவப்பு நாற்காலி. அதில், ஒரு காலத்தில் உலகத்தையே கிறங்கடித்த ஹொலிவூட் நடிகை ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வரிசைகளுக்கு நடுவே இருந்த நடைவழியில் நின்றேன். எனக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த செந்நிறச் சட்டை. எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் நல்ல வாட்டசாட்டமான ஆள் போலும். அவருடைய சட்டையைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் நான் எங்கேயோ இருந்தேன்.

“கேள்விகள் ஏதும் உண்டா?” என்று மனேஜர் மிஸ்டர் பெல்லிங் சபையைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. மறுபடியும் கேட்டார். யாரோ இருமினார்கள். நம்முடைய ஆட்கள் நாலு பேர் கூடிய இடத்தில் மௌனம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. இது கனமான மௌனம். நடிகை நாற்காலியில் சற்று அசைந்து உட்கார்ந்தார். எனக்கு அவர்மீது இரக்கமாக வந்தது.

கடைசி வரிசையைப் பார்த்தேன். சேலைக்கு மேல் பச்சைக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு என் மனைவி றீற்றா இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

ஒலிவாங்கி கையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

என்ன கேட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த நடிகை எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தார் என்பதைச் சொல்லாமல் அதைச் சொன்னால், நீங்களும் மிஸ்டர் பெல்லிங்கைப் போல என்னை ஒரு மூளை பிசகியவன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

பாண்காரி

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அன்ரன் எழுதுவதில் பாதி புளுகு” என்று ஆசிரியருக்குக் கடிதம் போடுகிறவர்கள் இந்தப் பத்திரிகைக்கு உண்டு.

ஆற்றங்கரைப் பட்டினம் ஒன்று. அங்கே சைக்கிளில் வீடு வீடாகப் பாண் கொண்டுபோய் விற்கும் ஒரு பெண். எங்கள் ஊரில் ரொட்டியைப் பாண் என்போம், ஆகவே யாழ்ப்பாணத்துப் பொடியளுக்கு அந்த நடிகை என்றைக்கும் பாண்காரிதான். அவள்மீது ஆசைப்படும் ஒரு படகோட்டி, அவளைக் கட்டத் துடிக்கும் ஒரு ஆலை முதலாளி. கடைசியில் பெரும் பனிமூட்டத்தில் படகு வழிதவறிவிடும். பாண்காரி இறங்குதுறையில் நின்று, இடது கையில் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடுவாள். அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் படகோட்டி கரைக்கு வந்து சேருவான்.

முதன்முதலாக அதைப் பார்த்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது வீட்டாரின் நம்பிக்கை. யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சியாக ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தீராத வயிற்றுவலி இருந்தது.

பாண்காரியைவிட அப்போது எனக்குப் படகோட்டியைத்தான் பிடித்தது. ஓடும் படகின் விளிம்பில் சப்பாத்துக் காலோடு தாளம் போட்டு ஆடுவார். நான் குருநகர் இறங்குதுறையில், கட்டியிருந்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் ஏறி அதே ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன். இரண்டாவது தாளத்துக்கே கடலுக்குள் போனேன். புதுச் சப்பாத்தில் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அந்தப் படம் முதலில் நியூயோர்க்கில் மேடைப் பாட்டு நாடகமாக ஓடியதாம். படமாக எடுத்தபோது, மேடையில் பாடி நடித்தவர்களை விட்டுவிட்டு, பெயர் பெற்ற முகங்களைப் போட்டார்களாம். இதைப் பின்னாளில்தான் அறிந்தேன். எங்கள் ஊர்க் கூத்தில் அது நடவாத காரியம். குரல் இல்லாதவனை, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மேடைப் பக்கம் அண்டவே விடமாட்டார். எனக்கு ஒருமுறை காவலாளி வேஷம் கிடைத்தது. கையில் ஒரு வேலாயுதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். தரு என்கிற கூத்துப்பாட்டுப் பாடவேண்டியதில்லை. ராசா கேள்வி கேட்டால்கூட வாய் திறக்கக் கூடாது என்பது அண்ணாவியாரின் தனிக் கட்டளை.

அந்தக் கட்டளையை லண்டனிலும் கடைப்பிடித்திருக்கலாம்.

வானொலி கெடுத்த பழக்கம்

றீற்றா லண்டனுக்கு வந்து சேர்ந்த முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, நோர்பரியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சியில் அந்தப் படம் போனது. நான் கதிரையின் விளிம்புக்கு வந்து, இப்போது இது நடக்கும், இப்போது அது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அவளுடைய ரசனையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பனிமூட்டப் பாட்டு வந்தது. அவள் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, இது ஆர் பாடினது?”

“ஆர் பாடினதோ? அவதான் பாடுறா. வாய் அசையிறது தெரியேல்லையே?”

“வாய் அசைஞ்சால் பாடினதெண்டு அர்த்தமே? எங்கடை படங்களிலை எல்லாரும்தான் வாய் அசைக்கினம். பாட்டிலை மூச்சு எடுக்கிற இடத்திலை இவ சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. இது வேறை ஆள்.”

படம் முடிந்து பெயர்கள் ஓடின. திரைக்கு மிகக் கிட்டப் போய் நின்று இருவரும் வாசித்தோம். முடி அலங்காரம் செய்தவர் பெயர் இருந்தது. படகுக்கு நிறம் பூசியவர் பெயர்கூட இருந்தது. பாடியவர் பெயர் இல்லை.

றீற்றாவுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. எங்கள் தலைமுறையை வானொலி அப்படி வளர்த்திருந்தது. ஒரு பாட்டைப் போடுவதற்கு முன் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லுவார். திரையில் துள்ளுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் யாருக்கும் வெட்கமில்லை. பாடியவர் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் வெட்கம்.

றீற்றா ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். லண்டனுக்கு வந்த புதிதில் சமைக்கும்போது பாடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். இரண்டாம் தடவை தட்டிய பிறகு அவள் பாடுவதை விட்டுவிட்டாள். குசினியில் தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது கவலைதான். ஆனால் அவளிடம் அதைப்பற்றிப் பேசத் தெரியாமல், வேறு என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன்.

டோர்ச்லைட் உத்தியோகம்

அந்தச் சினிமாக் கொட்டகைக்கு முன் நான் பார்த்தது பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தபடி கள்வர்களுக்குச் சிகரெட் விற்கும் வேலை. அந்த நாட்களில் றீற்றா ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தாள். கதவுக்கு உள்பக்கமாகக் கதிரையை முண்டு கொடுத்து, விளக்கை அணைக்காமல், விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். விடிந்து நான் வந்து கதவைத் தட்டினால், என் குரலை மூன்று தடவை கேட்ட பிறகுதான் கதிரையை நகர்த்துவாள். நான் கோபப்படுவேன். என் புத்தி அப்போது அவ்வளவுதான்.

பிறகுதான் சினிமாக் கொட்டகையில் வேலை கிடைத்தது. டிக்கெட்டைக் கிழிக்கவேண்டும், இருட்டில் டோர்ச் அடித்து இருக்கை காட்டவேண்டும், இடைவேளையில் ஐஸ்கிரீம் தட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இரவு கடைசி ரயிலுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடலாம். றீற்றா கதவுக்குக் கதிரை வைப்பதை விட்டாள். ஆனால் வேலை தற்காலிகம். சரிவந்தால் நிரந்தரமாக்குவதாக மிஸ்டர் பெல்லிங் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஒரேயொரு விதி. ஊழியர்கள் தளபாடங்களைப் போல இருக்கவேண்டும். தேவையான இடத்தில் நிற்கவேண்டும், பேசக்கூடாது. காவலாளி வேஷத்தில் அனுபவம் பெற்றவனுக்கு இது பெரிய காரியமா என்று நினைத்தேன்.

ஆர்ச்வே நிலையத்தில் இறங்கினால், மேட்டில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகிற சனம் பூத்தட்டோடு வரும். என்னையும் அடியார் என்று நினைத்து, “அண்ணை, இண்டைக்கு அபிசேகம் எத்தனை மணிக்கு?” என்று கேட்பார்கள். நான் கிறிஸ்தவ வேதக்காரன் என்று சொல்ல மனம் வராமல் ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்புவேன். என் சொல்லை நம்பி எத்தனை பேர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களோ தெரியாது.

ஒருநாள் கொட்டகை வாசலில் புதிய சுவரொட்டி ஒட்டினார்கள். பனிமூட்டமும் லாந்தரும் பாண்காரியும் அதில் இருந்தார்கள். படத்தை விசேட காட்சியாகப் போடுகிறார்கள். காட்சி முடிந்ததும் நடிகையே மேடைக்கு வந்து சபையோடு பேசுவாராம். படகோட்டி காலமாகிவிட்டார். லண்டனில் பிள்ளையோடு இருந்த பாண்காரிதான் மிச்சம்.

அன்றிரவு நான் வீட்டுக்குள் நுழைந்த விதத்தைப் பார்த்து, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று றீற்றா நினைத்துவிட்டாள்.

“அதில்லை. உம்மடை பாண்காரி வாறா. பாட்டு ஆர் பாடினதெண்டு நானே அவவிட்டைக் கேட்டுச் சொல்லுறன்.”

“நீங்கள் போய்க் கேக்க அவ என்ன உங்கடை மச்சாளே?”

“உமக்கு விளங்காது. நான் அங்கை ஸ்ராஃப்.”

“வேண்டாமப்பா. டோர்ச்சைப் பிடிச்சமா, வீட்டை வந்தமா எண்டு இருங்கோ. உந்த வேலை போச்சுதெண்டால் திரும்ப இரவு வேலைதான். நான் திரும்பவும் கதவுக்குக் கதிரை வைக்கோணும்.”

அவள் சிரிக்காமல் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோயிலடியில், கடையடியில், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். இரண்டே கிழமையில் நானும் அந்த நடிகையும் பழைய சிநேகிதர்கள் என்று நோர்பரி முழுக்கக் கதை பரவியிருந்தது. அதை மறுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒருவரும் கேட்காத கேள்வி

அந்தச் சனிக்கிழமை ஊழியர்களுக்கு ஆளுக்கொரு இலவச டிக்கெட். றீற்றாவைக் கடைசி வரிசையில், டோர்ச் அடித்து, “திஸ் வே மடம்” என்று மரியாதையாகக் கூட்டிப்போய் இருத்தினேன். அவள் கொஞ்சம் சிரித்தாள்.

படம் முடிந்தது. நடிகை மேடைக்கு வந்தார். தலை முழுக்க நரை, முதுகில் வளைவு இல்லை. மிஸ்டர் பெல்லிங் கேட்க அவர் பதில் சொன்னார். பனிமூட்டம் எண்ணெய்ப் புகையாம், எல்லாரும் நாள் முழுக்க இருமினார்களாம். படகுக்கு அடியில் உருளுகிற சில்லு பூட்டியிருந்ததாம். படகோட்டி அவரைவிடக் கட்டையானவர், ஆகவே சப்பாத்துக்கு உள்ளே உயரமாகக் குதி வைத்தார்களாம். சபை சிரித்தது. நான் குருநகர்க் கடலுக்கு அடியில் கிடக்கும் என் சப்பாத்தை நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான், தொடக்கத்தில் நான் சொன்ன மௌனம். ஒலிவாங்கியோடு நான் நின்றேன். றீற்றா தலையை ஆட்டினாள். ஒரு பெரிய நடிகையைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் இருத்தி வைத்திருக்கிறார்களே என்ற இரக்கம் பாதி. மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நடப்பு, வீண் பெருமை, பாதி. இல்லை, நடப்புத்தான் அதிகம்.

“மடம்,” என்றேன். என் குரல் நாலு மூலையில் இருந்தும் திரும்பி வந்தது. “உங்கள் நடிப்பை நான் சிறுவயதில் இருந்து நேசிக்கிறேன். பனிமூட்டப் பாட்டை உங்களுக்காகப் பாடிய அந்த அம்மாவின் பெயரைச் சொல்வீர்களா?”

முன்பிருந்த மௌனம் ஒன்றுமே இல்லை. இப்போது வந்ததுதான் மௌனம். முன்வரிசைக்காரர்கள் தங்கள் முழங்கால்களைப் பார்த்தார்கள். மிஸ்டர் பெல்லிங்கின் கழுத்தில் இருந்து சிவப்பு மேலே ஏறியது.

நடிகை என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் உதடு மட்டும்தான் அசைந்தது.

“என் பாட்டை நான்தான் பாடினேன்,” என்றார்.

சபை படபடவென்று கைதட்டியது. நிம்மதியில் தட்டிய கைகள் அவை. மிஸ்டர் பெல்லிங் இறங்கி வந்து, குழந்தையின் கையில் இருந்து கத்தியை வாங்குவது போல ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

கூடத்தில் நடந்தது

சனம் கலைந்தது. நுழைவுக் கூடத்தில் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மிஸ்டர் பெல்லிங் என்னோடு பேசினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பழகிய விஷயமாக இருந்திருக்கும்.

“நீ கேட்டது இங்கே வந்திருந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்,” என்றார். “அதனால்தான் யாரும் கேட்கவில்லை.”

படம் வெளிவந்த காலத்திலேயே, சொந்தக் குரலில் பாடியிருக்கிறார் என்று பெரிதாக விளம்பரம் செய்தார்களாம். பிறகு இல்லை என்று கதை பரவியதாம். அதற்காகவே அவருக்கு அந்த வருஷம் பரிசு எதுவும் கொடுக்காமல் விட்டார்களாம். இத்தனை காலமாக அவருக்கு முன்னால் அதை எவரும் பேசியதில்லையாம்.

“எங்கள் நாட்டில் இது ஒரு குற்றமே இல்லை சார்,” என்று தொடங்கினேன். திங்கட்கிழமை வந்து சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும்படி சொன்னார்.

எனக்குப் பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக் கூடுதான் கண்முன் வந்தது. வேலை போனதைவிட, இதை றீற்றாவுக்கு எந்த வாயால் சொல்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. திரும்பினேன். அவள் எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாதுதான். ஆனால் என் முகத்தை வாசிக்கத் தெரியும்.

“வேலை போட்டுதே?” என்றாள்.

“ஓம்,” என்றேன்.

அவள் என்னை ஏசவில்லை. கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நேரே நடிகையிடம் போனாள். அவர் வாசலுக்குப் பக்கத்தில், வாடகைக் காருக்காகக் கோட்டும் கைப்பையுமாக நின்றார்.

“மடம். சொறி. மை ஹஸ்பண்ட்... குட் மான். டூ மச் டோக்.”

என்னைப்பற்றி அதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

றீற்றா தன் நெஞ்சில் கைவைத்து, “ஐ லைக். யுவர் சோங். வெரி லைக்,” என்றாள்.

“எந்தப் பாட்டு?” என்று நடிகை கேட்டார். குரல் குளிராகத்தான் இருந்தது.

றீற்றாவுக்குப் பாட்டின் முதல் அடி ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. எனக்குச் சொல்லத் தெரியும், ஆனால் அன்றைக்கு நான் பேசவேண்டிய அளவு பேசி முடித்திருந்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். வேறு வழி தெரியாமல் பாடத் தொடங்கினாள்.

மெதுவாகத்தான் பாடினாள். அந்தக் கூடத்தின் உயரமான கூரைக்கு அது போதுமாக இருந்தது. பல மாதங்களாக நான் கேட்காத குரல். நத்தாருக்கு ஒருதரம், அன்று பின்னேரம் ஒருதரம், இவ்வளவுதான் அவள் அந்தப் பாட்டைக் கேட்டது. மெட்டு ஓரிடத்திலும் தவறவில்லை. தெரிந்த இடத்தில் சொல் வந்தது, தெரியாத இடத்தில் வெறும் ராகம் வந்தது.

அப்போதுதான் நடிகையின் வாயைப் பார்த்தேன்.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. றீற்றா இழுத்த இடத்தில் அவை இழுத்தன, நிறுத்திய இடத்தில் நின்றன. றீற்றா சொல் தெரியாமல் ராகமாகப் பாடிய இடங்களிலும் அந்த உதடுகள் சரியான சொல்லைச் சொல்லிக்கொண்டு போயின. றீற்றா மூச்சு எடுத்த இடத்தில் அவர் சிரித்தார். இடது கை கைப்பையோடு மெல்ல மேலே எழும்பி, லாந்தர் பிடித்த உயரத்தில் நின்றது. தான் செய்வது அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டு முடிந்தது. கை மேலேயே இருந்தது. நடிகை அதைப் பார்த்தார். பிறகு மிஸ்டர் பெல்லிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை இறக்கினார்.

“அவள் பெயர் மேரி,” என்றார்.

மேடை நாடகமாக ஓடிய காலத்தில், பாண்காரியாக நடித்தவருக்குச் சுகமில்லாத நாட்களில் அந்த வேஷத்தைப் போட்ட பெண்ணாம். முகம் கமராவுக்குச் சரிவராது என்றார்களாம். குரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருவரும் அடுத்தடுத்த கதிரைகளில் இருந்து, எங்கே மூச்சு எடுப்பது, எங்கே வாயைத் திறப்பது என்று பழகினார்களாம். அவள் தன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுத்தாளாம்.

“மேரி என்ன?” என்று நான் கேட்டேன். வாய் சும்மா கிடந்தால்தானே.

“தெரியாது,” என்றார் நடிகை. “நான் கேட்கவில்லை.” அதைச் சொல்லும்போது அவருடைய முகம் மேடையில் இருந்ததைவிட வயதாகிவிட்டது.

வாடகைக் கார் வந்தது. அவர் றீற்றாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மிஸ்டர் பெல்லிங்கிடம், “இவர் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன பதில்தான் பிழை,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மிஸ்டர் பெல்லிங் தொண்டையைச் செருமினார். “திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வா,” என்றார். போகிற போக்கில், இனிமேல் ஒலிவாங்கியை வேறு ஆள் பிடிக்கட்டும் என்றும் சொன்னார். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இருக்கவில்லை.

மேரிக்கு ஒரு பூசை

ரயிலில் நான் எனக்கு நானே சாதகமாக நிகழ்ச்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் கேட்டபடியால்தானே பெயர் தெரிந்தது என்று தொடங்கி, கடைசியில் நான் ஒரு வீரன் என்ற இடத்துக்கு வந்திருந்தேன். றீற்றா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அந்த மேரி இப்ப இருக்கிறாவோ?” என்று திடீரென்று கேட்டாள்.

“ஆருக்குத் தெரியும்?”

“பேர் கிடைச்சிட்டுது. சும்மா விடேலாது. ஒரு பூசை ஒப்புக்குடுப்பம்.”

அந்த நாட்களில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை. நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக என்று சனம் பெயர் கொடுக்கும். பூசையில் சுவாமி, எங்கள் குருவானவர், அதைச் சத்தமாக வாசிப்பார். றீற்றா முன்கூட்டியே போய்ச் சுவாமியைக் கண்டாள்.

“மேரிக்காக, சுவாமி.”

“சுகத்துக்கோ, ஆன்ம இளைப்பாற்றிக்கோ?”

“தெரியாது, சுவாமி. ரெண்டுக்கும் சேத்து வையுங்கோ.”

சுவாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பூசையில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. குருநகர், பாசையூர், மன்னார் என்று ஒவ்வொன்றாக ஊரும் பேருமாக வந்தன. பிறகு, ஊர் இல்லாமல், குடும்பப் பெயர் இல்லாமல், “பாடகி மேரி அவர்களின் உடல் சுகத்துக்காகவும், அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகவும்,” என்று சுவாமி நிறுத்தி, தெளிவாக வாசித்தார். கோயிலில் இருந்த மேரிகள் எல்லாரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். றீற்றா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தால், சனம் எங்களைச் சுற்றிக்கொண்டது.

“ஆர் அன்ரன் அண்ணை, மேரி? உங்கடை பக்கமோ, அக்காவின்ரை பக்கமோ?”

“அமெரிக்காவிலை...” என்று நான் இழுத்தேன்.

“ஆள் இருக்கிறாவோ, மோசம் போயிட்டாவோ? சுவாமி ரெண்டு மாதிரியும் வாசிச்சவர்.”

நடிகை என் சிநேகிதி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய்க்கு அப்போது ஒரு சொல்லும் வரவில்லை. றீற்றாதான் பதில் சொன்னாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஆள். நல்லாப் பாடுவா. ஆளைப்பற்றி ஒரு தகவலும் இல்லை.”

ஊரில் போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் தகவல் இல்லை என்ற சொல்லுக்கு எங்கள் சனத்தின் நடுவே விளக்கம் தேவையில்லை. அங்கே நின்ற ஒவ்வொரு வீட்டிலும், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவர் இருந்தார். கேள்விகள் நின்றுவிட்டன. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். பெண்கள் றீற்றாவைக் கட்டிப்பிடித்தார்கள்.

நான் தலையைக் குனிந்து அந்தத் துக்க விசாரிப்புகளை எல்லாம் ஏற்றுக்கொண்டேன். நான் நடிக்கிறேன் என்று அவர்கள் நினைத்திருக்க முடியாது. எனக்கு உண்மையாகவே துக்கமாகத்தான் இருந்தது.